வாரத்துக்குப் பயிர் வைத்தவர்கள்

பூந்தாங்கல்
20.1.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

ரூத் எழுதுகிறேன். அண்ணி எப்படி இருக்கிறார்கள்? இது ஏழாம் மாதம். அந்த மாடிப்படியில் தண்ணீர்க் குடம் தூக்க விடாதீர்கள்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீங்கள் இந்த ஊருக்கு வந்திருந்தீர்கள். பரசுராமன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவருடைய பதினெட்டு ஏக்கரையும் ஏரிக்கரை வரைக்கும் சுற்றிப் பார்த்தீர்களாம். என் பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் ஏரிக்கரைக்குப் போக முடியாது. அந்த நேரத்தில் நான் உள்ளே மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் தபால்காரர் கேட்டார்: "இன்னா டீச்சர், உங்க அண்ணன் தாவீது வந்துட்டுப் போனாரே, நல்லா கீறாரா?" நன்றாக இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

அப்பா போனபிறகு நமக்கு நாம் இரண்டு பேர்தான். சென்னையிலிருந்து ரயிலேறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்தவருக்கு இன்னும் பத்தடி நடக்க முடியவில்லை. காரணம் இருக்கும். அதை நீங்களே எழுதுங்கள்.

என் பக்கத்துச் செய்தி ஒன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் வகுப்பு நடந்தது. பெயர், வயது, கல்வி எல்லாம் சுலபம். தொழில் என்று வரும்போதுதான் தலை சுற்றுகிறது. சாகுபடி செய்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்ற வேலை என்று நாலாகப் பிரிக்க வேண்டும். வருஷத்தில் நாலு வேலை செய்கிறவர்கள் இருக்கிற ஊர் இது. ஏன் பிரிக்கிறோம் என்று கேட்டால் வகுப்பு எடுத்த அதிகாரி, "எழுதச் சொன்னதை எழுதும்மா" என்றார். மாலைக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த நீங்கள் சொல்லுங்கள்.

ரூத்

சூளை, சென்னை
27.1.1981

அன்பு ரூத்துக்கு,

கம்பெனி வேலையாக வந்தேன். ரயிலில் அல்ல, கம்பெனி ஜீப்பில். கூடவே மேனேஜரும் இருந்தார். அவரை நிறுத்தி வைத்துவிட்டுத் தங்கையைப் பார்க்கப் போகிற அளவுக்கு நான் இன்னும் பெரிய ஆளாகவில்லை. தற்காலிகச் சம்பளக்காரன். பரசுராமனின் பூந்தாங்கல் நிலத்தைக் கம்பெனிக்கு வாங்கி முடித்தால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போதுமா காரணம்?

இனி உன் கேள்வி. வேலை செய்கிற அத்தனை பேரையும் மூன்று கூடையில் போடலாம். மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் நேராக எடுப்பவர்கள் முதல் கூடை. எடுத்ததை இன்னொன்றாக மாற்றுபவர்கள் இரண்டாவது. கொண்டுபோகிறவர்கள், விற்கிறவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள், எழுதுகிறவர்கள் மூன்றாவது. நெல் விளைவித்தவன் முதல் துறை. வாலாஜாபாத் மில்லில் அதை அரைக்கிறவன் இரண்டாம் துறை. அரிசி மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விற்கிறவன் மூன்றாம் துறை. நீயும் நானும் மூன்றாவது. ஒரு மணி நெல்லும் விளைவிக்காமல் ஒரு ஆணியும் அடிக்காமல் மூன்று வேளை சாப்பிடுகிற வகை.

இந்த நாட்டில் நூற்றுக்கு எழுபது பேர் முதல் கூடையில் கிடக்கிறார்கள். எழுபது பேர் சேர்ந்து கொண்டுவருவதோ மொத்த வருமானத்தில் பாதிக்கும் குறைவு. பத்துப் பேருக்கான வேலையை இருபது பேர் பங்குபோட்டுச் செய்தால் பட்டினியையும் பங்குபோடத்தான் வேண்டும். முன்னேறிய எந்த தேசத்தை எடுத்தாலும் ஆட்கள் முதல் கூடையிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்திருப்பார்கள். அதற்குத்தான் நீ எண்ணுகிறாய். யார் நகர்ந்தார்கள், யார் நகரவில்லை என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கம்பெனி அங்கே வண்டிகளுக்கான இரும்புச் சாமான் செய்யப் போகிறது. முந்நூறு பேருக்கு வேலை. அடுத்தவன் கிணற்றை வெட்டப்போய் மண் சரிந்து அப்பா செத்தாரே, அந்த மாதிரி இல்லாமல் கூரைக்குக் கீழே, மின்விசிறிக்குக் கீழே வேலை. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். நிலத்தில் குத்தகைக்காரர் யாரும் இல்லை, அங்கே வேலை செய்கிற ஏழு குடும்பமும் தினக்கூலிதான் என்று பரசுராமன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ எண்ணும்போது அதுவும் இதுவும் ஒத்துப் போனால் நல்லது. அவ்வளவுதான்.

தாவீது

பூந்தாங்கல்
22.2.1981

அண்ணா,

ஆலயத்திலிருந்து வந்து நேராக எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டேன்.

ஒத்துப் போனால் நல்லது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. பதிலே எழுதக் கூடாது என்று இருந்தேன். ஆனால் நீங்கள் கேட்டதை, கேட்காமலேயே நான் செய்துவிட்டேன். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

பத்தாம் தேதி, நல்ல வெயில். காலையிலிருந்து நாற்பது வீடு எழுதியிருந்தேன். பரசுராமன் வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். "ஏரிக்கரைப் பக்கம் ஏன் டீச்சர் அலையறீங்க? அந்த ஏழு குடும்பமும் நம்ம ஆளுங்கதான், நானே சொல்றேன்" என்றார். பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் எழுதினேன். ஒரு வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை.

முந்தாநாள் பள்ளிக்கூடத்துக்கு சின்னப்பொண்ணு வந்தாள். புருஷன் இல்லாதவள், ஏரிக்கரையில் இரண்டு ஏக்கர் பார்க்கிறாள். வாசற்படியில் நின்றுகொண்டே கேட்டாள்:

"எங்கூட்டாண்ட வராமயே எழுதிட்டியாமே டீச்சர், இன்னா எழுதினே?"

சொன்னேன். அவளைப் பற்றியது, அவளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"கூலியா? கூலின்னா சாயந்தரம் காசு குடுக்கணுமே. எவன் குடுத்தான்? வெத என்து, எரு என்து, மாடு என்து. மழ பேஞ்சாலும் காஞ்சாலும் என் தல மேல. வெளஞ்சா பாதி அவருக்கு, பாதி எனக்கு. எங்க மாமனார் காலத்துலேர்ந்து வாரத்துக்குப் பயிர் வெக்கிறோம். இதுக்கு உங்க புக்குல பேரு இல்லியா?"

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர் இருக்கிறது அண்ணா. விளைச்சலில் பங்கு கொடுத்து, தானே பொறுப்பேற்றுப் பயிர் வைத்தாலும் சாகுபடி செய்பவர்தான். அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். படியிறங்கிப் போய்விட்டாள்.

மார்ச் ஒன்றிலிருந்து ஐந்து வரை திருத்துவதற்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ரூத்

சூளை
25.2.1981

ரூத்,

அவசரமாக எழுதுகிறேன். எதையும் திருத்தாதே.

விசாரித்துவிட்டேன். கணக்கெடுப்புச் சீட்டு ரகசியம். கோர்ட்டில் சாட்சியாகச் செல்லாது. அதை வைத்து அவளுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்காது. பெட்டியில் போய் எண்ணாக மாறிவிடும். பின் எதற்காக பரசுராமனைப் பகைத்துக்கொள்கிறாய்? கிராமக் கணக்கு எழுதுகிற கர்ணம் வேலையையே நவம்பரில் அரசாங்கம் எடுத்துவிட்டது, கணக்கு யாரிடம் இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை. இந்த நேரத்தில் நீ ஒரு சீட்டைத் திருத்தினால் அவர் அதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்வார். அடுத்த நாள் எங்கள் மேனேஜர் காதில் விழும்.

உன் அண்ணிக்குக் கால் வீங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் வேறு காலி செய்யச் சொல்கிறார். நான் நிரந்தரமாக வேண்டும் ரூத். யோசித்து நட.

தாவீது

பூந்தாங்கல்
10.3.1981

அண்ணா,

அந்த ஐந்து நாளும் ஏரிக்கரையில் வீடு வீடாகப் போனேன். என்ன எழுதினேன் என்று உங்களிடம் சொல்லக் கூடாது, சட்டம். பார்த்ததை எழுதினேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதை சின்னப்பொண்ணுவிடம் மறைக்கவில்லை. "இந்தக் காகிதம் உனக்கு ஒன்றுக்கும் உதவாது" என்றேன். அவள் அசரவில்லை.

"உதவற காகிதம் எங்க கீது?"

எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். குத்தகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. நிலத்தை யார் பயிர் செய்கிறார்களோ அவர்கள் மனுக் கொடுத்துத் தங்கள் பெயரை ஏற்றிக்கொள்ளலாம். பத்து வருஷத்துக்கு மேலாக இந்தச் சட்டம் இருக்கிறது. பூந்தாங்கலில் ஒருத்தருக்கும் தெரியாது. பெயர் ஏறிவிட்டால் சும்மா வெளியே போ என்று சொல்ல முடியாதாம். அங்கேயே உட்கார்ந்து அவளுக்கு மனு எழுதினேன்.

மற்ற ஆறு குடும்பத்துக்கும் சொன்னோம். இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள். நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே நின்று குரல் கொடுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை.

நேற்று பரசுராமன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. பிள்ளைகள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, "டீச்சரம்மாவுக்கு எந்த ஊர் புடிக்கும்? உத்திரமேரூர் பக்கமா, மதுராந்தகம் பக்கமா? சொன்னா ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார். சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். போகும்போது, "உங்க அண்ணன் நல்ல புள்ள, அவரு பொழப்புலயும் மண்ணு போட்டுடாத" என்றார்.

ஒன்று கேட்கிறேன். ஆட்கள் ஒரு கூடையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வார்கள் என்று எழுதினீர்கள். அவர்களாக நகர்வார்களா, யாராவது தூக்கிப் போடுவார்களா?

ரூத்

சூளை
16.3.1981

ரூத்துக்கு,

மேனேஜர் என்னை நிற்க வைத்துக் கேட்டார். ஆபீஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "உன் தங்கச்சியா? நீ எங்க ஆளா, அவங்க ஆளா?"

அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறாய். அந்தச் சேற்றிலேயே இன்னும் மூன்று தலைமுறைக்குக் கட்டிப் போடுகிறாய். பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டுப் பாதிப் பட்டினி கிடக்கிற உரிமைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறாய். அப்பாவைக் கிணற்றிலிருந்து தூக்கும்போது உனக்கு ஆறு வயது. அவர் வாய் நிறைய மண் இருந்தது. நான் பக்கத்தில் நின்றவன். அதனால்தான் யாரும் மண்ணில் இருக்க வேண்டாம் என்கிறேன். அவர்களுக்கு வேறு வழி பார்க்க எனக்குத் தெரியும். நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே. குழந்தை பிறந்தால் தெரிவிக்கிறேன்.

தாவீது

பூந்தாங்கல்
5.4.1981

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதினதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. வாயில் மண் இருந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டதும் இல்லை.

இங்கே நிலைமை மோசம். பம்ப் செட் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சின்னப்பொண்ணு போட்ட கேழ்வரகு பாதி கருகிவிட்டது. ஏரியில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய் ஊற்றுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளி விட்டதும் நானும் நாலு குடம் ஊற்றுகிறேன். கதவைச் சாத்திக்கொண்ட அந்த நாலு குடும்பமும் போய்விட்டது. வியாழக்கிழமை விடியற்காலை ஒரு லாரி வந்ததாம். கல்குவாரி வேலை, முன்பணம் கொடுத்தார்கள் என்கிறார்கள். எந்தக் குவாரி, எந்தப் பக்கம், யாருக்கும் தெரியவில்லை. என் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள், இருபதாம் தேதி, தாலுகா ஆபீசில் விசாரணை. வாரத்துக்குப் பயிர் வைத்தவள்தான் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் வரவில்லை. சாட்சிக்கு வருகிறேன் என்ற ஊர்க்காரர் இரண்டு பேரும் பின்வாங்கிவிட்டார்கள். எனக்குப் பரீட்சை வேலை போட்டிருக்கிறார்கள், லீவு கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். நான் போனாலும் களத்தில் நெல் பங்கிட்டதைக் கண்ணால் பார்த்தவள் இல்லை.

நேற்று அவளிடம், வெளியூர்க்காரர் யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். உங்க அண்ணன் நின்னுகினு இருந்தாரு. பொங்கலுக்கு முந்தி அவரு வந்த அன்னிக்குத்தான் நெல்லு பங்கு பிரிச்சோம். நெலக்காரப் பெரியவர் பங்கை வண்டியில ஏத்த ஆள் பத்தல. ஜீப்புக்காரர் ஏரியப் பாக்கப் போயிருந்தாரு. உங்க அண்ணன் சட்டைக் கையை மடிச்சிகினு மூட்டைக்குக் கை குடுத்தாரு. நல்ல மனுஷன்."

அது உண்மையா? உண்மை என்றால், வந்து சொல்வீர்களா?

பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

ரூத்

சூளை
22.4.1981

அன்பு ரூத்துக்கு,

போனேன். உனக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எதுவும் முழுதாகச் செய்ய முடியவில்லை. ஆபீசில் கூட்டிய கணக்கையே திரும்பக் கூட்டினேன். ஈஸ்டர் ஆராதனையில் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உன் அண்ணி, "என்ன, ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க மூட்டை தூக்குனீங்களா இல்லையா?" தூக்கினேன் என்றேன். "அப்போ அதைச் சொல்றதுக்கு என்ன?" அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவுடன் திரும்பிப் போய்விடலாம் என்று எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இரண்டு பஸ் போனது. மூன்றாவது வருவதற்குள் தாலுகா ஆபீசுக்குள் போய்விட்டேன்.

பரசுராமன் என்னைப் பார்த்ததும் தன் பக்கத்து ஆள் என்று நினைத்து பெஞ்சில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை. சின்னப்பொண்ணு சுவரோரமாக நின்றிருந்தாள். அதிகாரி அவளிடம், "பயிர் உன்னுதுன்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டார். "நட்டமானா யாரும் வந்து கேக்கலையே சாமி, அப்போ என்துதானே?" என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு நான் சொன்னேன். ஜனவரி ஒன்பதாம் தேதி, களத்தில் நெல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது, ஒரு பாதி நிலக்காரர் வண்டிக்கும் மறு பாதி இந்த அம்மாள் வீட்டுக்கும் போனது, நிலக்காரர் பங்கில் ஒரு மூட்டையை நானே தூக்கி ஏற்றினேன் என்றேன். "நீங்க இந்த நிலத்தை வாங்கற கம்பெனி ஆளாச்சே?" என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். பரசுராமன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நேற்று கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி வருத்தப்படாதே. தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் எடுக்க ஆள் தேடுகிறார்கள்.

உன்னிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

தாவீது

பூந்தாங்கல்
14.6.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கும் குட்டிப் பெண்ணுக்கும் முத்தங்கள். மூன்று கிலோ என்று எழுதியிருந்தீர்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெயர் வைக்கும்போது என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உத்தரவு வந்துவிட்டது. சின்னப்பொண்ணு பெயரும் மற்ற இரண்டு பேர் பெயரும் பதிவேட்டில் ஏறிவிட்டன. அவள் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். "சரி, இப்போ அவர வரச் சொல்லு" என்றாள்.

பரசுராமன் வந்தார். கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். இனி அவளைத் தாண்டி நிலம் கைமாறாது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் ஏரிக்கரையை விட மாட்டாள், கருகின பயிருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினவள் ஆயிற்றே என்று நான் பக்கத்தில் தைரியமாக நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னது இது:

"நான் வுட்டுத் தரேன். சும்மா இல்ல. வாலாஜாபாத் போற ரோட்டுல ஒரு ஏக்கரா வெலைக்கு வருது, கெணத்தோட. அத என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு இத எடுத்துக்கோங்க. என் பொண்ணுக்கு உங்க கம்பெனில வேல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு தனியாகக் கேட்டேன், "இந்த நிலத்துக்காகத்தானே இவ்வளவு பாடு?" என்று. "எவன் சொன்னது? எனக்கு இன்னா அந்த மண்ணு மேல ஆசையா? போன்னு சொன்னா போகமாட்டேன். நானா போறதுன்னா போவேன்" என்றாள். சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். நாம் இரண்டு பேரும் அவளுக்காகச் சண்டை போட்டோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

போன வாரம் பத்திரம் முடிந்தது. மற்ற இரண்டு குடும்பமும் ஆளுக்கு ஒரு வேலையும் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் இப்போது முள்கம்பி போடுகிறார்கள்.

அந்த நாலு குடும்பத்தைப் பற்றித்தான் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருந்திருந்தால் அவர்கள் பெயரும் ஏறியிருக்கும். தாலுகா ஆபீசில் கேட்டேன், ஆளை நேரில் கூட்டிவந்தால் மனு வாங்கிக்கொள்கிறேன், நிலம் போய்விட்டாலும் நஷ்டஈட்டுக்குப் பேசலாம் என்றார் அதிகாரி. ஆள் எங்கே? மூன்று ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் வரை போய் விசாரித்தேன். குவாரி என்றால் ஒன்றா இரண்டா? முன்பணம் தீர்கிற வரை அங்கிருந்து வெளியே விடமாட்டார்கள் என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். உங்கள் கணக்குப்படி அவர்கள் விவசாயத்தைவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இப்போது எந்தக் கூடையில் இருக்கிறார்கள் என்று உங்களுக்காவது தெரியுமா?

இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

ரூத்

சூளை
19.6.1981

ரூத்,

தெரியும்.

மார்ச் மாதம், உனக்கு அந்தக் கோபமான கடிதத்தை எழுதின அதே வாரம், எங்கள் கம்பெனிக்கு ஜல்லி போடுகிற ஒப்பந்தக்காரரைப் பார்த்தேன். பூந்தாங்கலில் ஆட்கள் இருக்கிறார்கள், வேலை கொடுங்கள் என்றேன். அவர் எத்தனை பேர் என்று கேட்டார். பரசுராமன் தந்த பட்டியலைப் பார்த்துப் பெயர்களை எழுதிக் கொடுத்தது நான்தான். லாரி அனுப்பச் சொன்னதும் நான்தான். முன்பணம் கொடுப்பதாக அவர் சொன்னபோது நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பயிரிலிருந்து வெளியே வந்தால் போதும், எங்கே போனாலும் மேல்தான் என்று நம்பினேன். நிலம் சீக்கிரம் காலியானால் எனக்கும் நல்லது என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

முன்பணம் என்றால் என்ன அர்த்தம் என்று ஏப்ரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தனிப்பயிற்சிக் கல்லூரிக் கரும்பலகையில் மூன்று துறைகளையும் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இதை உனக்கு எழுதப் பேனாவை எடுப்பேன், குழந்தை அழும், வைத்துவிடுவேன். குழந்தை அழாத நேரத்திலும் வைத்துவிட்டேன்.

குவாரி தாம்பரத்துக்கு மேற்கே, ஜல்லி லாரிகள் போகிற ரோட்டின் கடைசியில் இருக்கிறது. நேற்றுப் போனேன். வாசலில் நின்ற மேஸ்திரி உள்ளே விடவில்லை. வேலி வழியாகப் பார்த்தேன். உன் வகுப்புப் பிள்ளைகள் என்று நினைக்கிறேன், இரண்டு பேர் ஜல்லிக் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். ஜனவரியில் களத்தில் என்னைப் பார்த்திருந்த ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள். "நீதானேய்யா அனுப்பிச்சே? எப்போ கூட்டிகினு போவே?" என்று கேட்டாள். லாரிக்காரர் என் பெயரைச் சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார். திட்டவே இல்லை ரூத். கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

திங்கள் என்றேன்.

கொத்தடிமை முறையை ஒழித்து ஐந்து வருஷம் முன்பே சட்டம் வந்துவிட்டது. கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். யார் அனுப்பினார்கள் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். நாளைக்குச் செங்கல்பட்டு போய்க் கோட்ட அதிகாரி ஆர்.டி.ஓ. கையில் கொடுத்துவிட்டு, அவர் குவாரிக்கு வர ஒத்துக்கொள்கிற வரை அங்கேயே உட்காரப் போகிறேன். ஏழு குடும்பத்தையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அவர்கள் பெயர், வயது, எத்தனை வருஷமாகப் பயிர் வைத்தார்கள், எல்லாம் உனக்குத் தெரியும். கணக்கெடுப்புச் சீட்டைக் கேட்கவில்லை. நீ வந்து உன் வாயால் சொன்னால் போதும்.

பள்ளிக்கு லீவு எழுதிக் கொடு. கொடுக்காவிட்டாலும் வா. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குவாரி வாசலில் இருப்பேன். அவர்களை வெளியே கொண்டுவந்த பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

தாவீது